எதுவும் நடக்காத முச்சந்தி

அவரை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புக் கோட்டெல்லாம் கிடையாது. முழங்கைவரை கறுப்பு மசிதான் உண்டு. முச்சந்தியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர், வயது அறுபத்திரண்டு. காற்றடிக்கிற கம்ப்ரசர் ஒன்று, டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி ஒன்று, வந்தவர்கள் உட்கார ஒரு பழைய லாரி டயர். இவ்வளவுதான் அவருடைய நீதிமன்றம்.

அந்த முச்சந்தியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பாலத்திலிருந்து இறங்குகிற சரிவு ஒரு பக்கம், பள்ளிக்கூடத் தெரு ஒரு பக்கம், கடைத்தெருவுக்குப் போகிற ரோடு ஒரு பக்கம். சரிவில் இறங்குகிறவன் கண்ணுக்குப் பள்ளிக்கூடத் தெருவிலிருந்து வருகிறவன் தெரியமாட்டான், நடுவில் ஒரு குடோனின் மதில் மறைக்கும். இருந்த ஒரே விளக்குக் கம்பத்தையும் மதிலுக்கு அந்தப் பக்கம் நட்டுவைத்திருந்தார்கள். அது குடோன் வாசலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றது. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ.

அதனால் மாதம் ஒன்றோ இரண்டோ மோதல் நிச்சயம். கிரீச் என்று சத்தம் கேட்டதும் ஜட்ஜ் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். அடிபட்டவரைத் தூக்குவார், டயரில் உட்கார வைப்பார், தண்ணீர் கொடுப்பார், துணியால் ரத்தத்தைத் துடைப்பார், பெரிய அடியென்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். இடித்தவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான். அவனையும் உட்கார வைப்பார். அதற்குப் பிறகு விசாரணை.

“ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு வண்டியையும் உள்ள வெச்சிருவாங்க. மழையில கெடந்து துருப்பிடிக்கும். வக்கீல், வாய்தான்னு நாயா அலையணும். இடிச்சவரு வைத்தியத்தப் பாத்துக்கட்டும், வண்டிய நான் சரி பண்ணித் தர்றேன். பேசி முடிச்சுக்கலாமா?”

முடித்துக்கொள்வார்கள். வண்டி அவர் கடையிலேயே பழுது பார்க்கப்படும். அதை நினைத்துத்தான் செய்தார் என்று சொன்னால் பாவம் நம்மைச் சேரும். நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

முடித்ததற்கு அடையாளமாக ஒரு சீட்டு. தன்னுடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தானே எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஆரம்ப காலத்தில் ‘இன்னார் இன்னாரை இடித்துவிட்டார், சமாதானமாகப் போகிறோம்’ என்றுதான் எழுதினார். ஒரு கெட்டிக்காரன் அதே சீட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், பார் இடித்ததை ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று எதிராளியை மாட்டிவிட்டான். ஜட்ஜுக்கு முகத்தில் கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் யோசித்து, பழைய சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு வாசகத்தை மாற்றினார். ‘மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் எங்களுக்குள் எந்தச் சம்பவமும் நடக்கவில்லை.’ எவன் எங்கே கொண்டுபோனாலும் ஒன்றும் ஆகாது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமை. மனைவியிடம்கூடப் படித்துக் காட்டினார்.

இப்படியே இருபத்தாறு வருடம் ஓடியது. மனுஷனுக்கு அலுத்துவிட்டது. சத்தம் கேட்டால் மனசு வேண்டாம் என்று சொல்வதற்குள் கால் ஓடிவிடுகிறது. முட்டி வலிக்கிறது, தூக்க முடியவில்லை. ராத்திரி படுத்தால் காதுக்குள் பிரேக் போடுகிற சத்தம். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து ஓடியது எத்தனை தடவையோ. “ஒரு நாளாவது தட்டக் காலி பண்ணிட்டுக் கை கழுவணும்டி” என்பார் மனைவியிடம். “ஏன், உங்கள யாரு ஓடச் சொன்னது?” என்பாள் அவள். ஆனால் சோற்றை மூடி வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் வார்டு ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். சாலைப் பாதுகாப்புக்கு அரசாங்கம் நிதி ஒதுக்கியிருக்கிறது, ஆபத்தான இடங்களில் சிக்னல், விளக்கு, வளைவுக் கண்ணாடி, இரும்புத் தடுப்பு எல்லாம் வைத்துத் தரப்படும், பொதுமக்கள் விண்ணப்பிக்கலாம். ஜட்ஜ் அதை மூன்று தடவை படித்தார். தொட்டியில் கை கழுவிவிட்டு வந்து நான்காம் தடவையும் படித்தார். கண்ணாடி ஒன்று போதும், சரிவில் வருகிறவன் மதிலுக்கு அந்தப் பக்கம் வருகிறவனைப் பார்த்துவிடுவான். சிக்னலும் வந்துவிட்டால் கடையை எடுத்துவிட்டு வீட்டில் கிடக்கலாம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

ஆறாம் நம்பர் மேசையில் ஒரு அம்மாள் இருந்தார். நிதி சம்பந்தமான ஃபைல் எல்லாம் அவர் தலையில்தான். மேசை மேல் இருந்த மின்விசிறி ஒரு பக்கம் மட்டுமே கழுத்தைத் திருப்பும், காற்று அவருக்கு வராமல் ஃபைலுக்குத்தான் வரும். ஜட்ஜ் கொண்டுபோன விண்ணப்பத்தைப் பொறுமையாகப் புரட்டினார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா. ஏழாம் பக்கம் காலியா இருக்கே.”

“அது என்ன மேடம் பக்கம்?”

“விபத்து விவரம். உயிர் போயிருந்தா நாப்பது மார்க். எலும்பு முறிஞ்சிருந்தா இருபது. சின்னக் காயம்னா அஞ்சு. அம்பது வந்தாத்தான் பட்டியல்லயே ஏறும்.”

“அம்பது என்ன மேடம், ஐநூறு தர்றேன்.”

“வாயால சொன்னாப் பத்தாதுய்யா. ஒவ்வொண்ணுக்கும் போலீஸ் கேஸ் நம்பர் வேணும். பத்து வருஷத்துக்குள்ள நடந்ததா இருக்கணும். புகார் லேட்டாக் குடுத்தாலும் பரவாயில்ல, ஸ்டேஷன்ல நம்பர் போட்டாப் போதும்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “இன்னும் மூணு வாரம் இருக்கு. திங்கக்கிழமை அஞ்சு மணியோட முடியுது.”

மூன்று வாரம் தாராளம் என்று நினைத்துக்கொண்டு ஜட்ஜ் நேரே ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே ரைட்டர் அவருக்கு ரொம்ப நாள் பழக்கம். டயருக்குக் காற்றடிக்கிற பழக்கம். மூன்று பதிவேடுகளை எடுத்துப் போட்டு விரலை நக்கி நக்கிப் புரட்டினார்.

“ஒண்ணும் இல்ல ஜட்ஜய்யா.”

“நல்லாப் பாருங்க சார்.”

“பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. எங்க அதிகாரி மீட்டிங்ல உங்க முச்சந்தியத்தான் உதாரணமாச் சொல்லுவாரு.”

“இருபத்தாறு வருஷமா நான் அங்க ரத்தம் தொடைக்கிறேன் சார்.”

“தொடைச்சீங்கல்ல? அதான் இங்க ஒண்ணும் இல்ல.” ரைட்டர் சிரித்தார். “பஸ் டிப்போகிட்ட போன வருஷம் சிக்னல் வெச்சாங்களே, நேர் ரோடு, கண்ணக் கட்டிக்கிட்டுப் போகலாம். ஆனா அங்க சைக்கிள் உரசினாக்கூட கேஸ். எண்பது மார்க் வாங்கிட்டானுங்க. அங்க உங்கள மாதிரி ஜட்ஜ் இல்ல, பாவம்.”

அவர் தமாஷாகத்தான் சொன்னார். ஜட்ஜ் பதிவேடுகளைத் தானே ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

கடைக்கு வந்து, ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்திருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்தார். சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான். எடுத்து லாரி டயரின் மேல் பரப்பினார். முன்னூற்றுப் பதினொன்று. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அவருடைய சொந்தக் கையெழுத்தில், குண்டு குண்டாக, எந்தச் சம்பவமும் நடக்கவில்லை. முன்னூற்றுப் பதினோரு தடவை நடக்கவில்லை. அரசாங்கத்துக்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி யார் கொடுக்க முடியும்? மனுஷன் டயர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பழைய ஆட்களைத் தேடிப் போனார். பல் போனவர், கை வளைந்துபோனவர், இடுப்பில் இன்னும் வலி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை வந்து புலம்புகிறவர். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள். ஸ்டேஷன் என்றதும் கையைக் கழுவினார்கள். “அப்பவே பேசி முடிச்ச விஷயத்த எதுக்குண்ணே கிளறிக்கிட்டு? நீங்கதானே வேணாம்னீங்க?” ஒவ்வொரு வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள்.

கடைசியாக ஒரு வீடு மிச்சம் இருந்தது. வேண்டுமென்றேதான் அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

எட்டு வருடத்துக்கு முன்பு, ரிட்டயரான தபால்காரர் ஒருவர் சாயங்காலம் மாத்திரை வாங்கப் போனார். சரிவில் வந்த பைக் அடித்துத் தூக்கிப் போட்டது. ஜட்ஜ்தான் தூக்கினார். காதோரம் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான், பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். இடித்தவனுக்கு இரண்டு வாரத்தில் வெளிநாட்டு வேலை, கேஸ் என்றால் பாஸ்போர்ட் போய்விடும் என்று காலில் விழுந்தான். ஜட்ஜ் தபால்காரர் மனைவியிடம் போய்ப் பேசினார். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று சொன்னார்கள், சீட்டிலும் கையெழுத்தானது. ஒன்பதாம் நாள் தபால்காரர் போய்விட்டார். சாவுக்கு வந்தவர்களிடமும் பாத்ரூம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அக்கா கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். ஜட்ஜ் விண்ணப்பத்தை, மார்க்கை, சிக்னலை எல்லாம் சொன்னார். நாற்பது மார்க் என்பதை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, அன்னிக்கு நடக்கலன்னு சொல்லச் சொன்னீங்க. எட்டு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.” அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் ஜட்ஜுக்குத் தாங்கவில்லை. “எம்பொண்ணுக்கே தெரியாது. பாத்ரூம்ல ஏன் தண்ணி கெடந்துச்சு, ஏன் தொடைக்கலன்னு எங்கிட்ட சண்ட போட்டுட்டு, இன்னும் சரியாப் பேச மாட்டா. இப்ப ஒரு வெளக்குக்காக நடந்துச்சுன்னு சொல்லச் சொல்றீங்க.”

ஜட்ஜ் எழுந்தார். அக்கா, “இருங்க, டீ போடறேன்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

விண்ணப்பத்தைத் தூக்கிப் பரணில் போட்டிருக்கலாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் ஏழாம் பக்கம் போனால் என்ன, எட்டாம் பக்கத்தில் இடத்தின் வரைபடம் போடச் சொல்லியிருக்கிறதே, அதையாவது ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தால் அந்த ஆறாம் நம்பர் மேடத்துக்கு மனசு இரங்காதா என்று ஒரு நப்பாசை. மத்தியான நேரத்தில் டேப்பும் சாக்பீசுமாக முச்சந்தியில் இறங்கினார். மதிலின் முனையிலிருந்து சரிவு எத்தனை அடி என்று குனிந்து அளந்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு அடி வரைக்கும் நினைவு இருக்கிறது.

கண் விழித்தபோது வலது கால் தலையணை மேல் இருந்தது, முழங்காலுக்குக் கீழே கட்டு. தலைமாட்டில் மனைவி. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எலும்பு ரெண்டா போச்சாம். நாளைக்கு ஆபரேஷன். பயப்படாதீங்க.”

“யாரு?”

“பார்சல் கொண்டுபோற ஒரு பையன்தான். நம்ம கடையிலதான் காத்தடிப்பான். பாவம், ஒரு பாட்டில் ரத்தம் குடுத்துட்டு, ஆப்பிள் வாங்கிட்டு வந்து வெளியில நிக்கிறான். ஆபரேஷனுக்கு அவனே பாத்துக்கிறேன்னுட்டான்.” பர்சைத் திறந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தாள். “நீங்க கவலையே பட வேணாம். எல்லாம் நீங்க செய்யற மாதிரியே செஞ்சாச்சு. பக்கத்து டீக்கடைக்காரரு எழுதினாரு, நான் வாசகம் சொன்னேன்.”

அவருடைய பில் புத்தகத்தின் தாள். பின்பக்கம். மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் எங்களுக்குள் எந்தச் சம்பவமும் நடக்கவில்லை. ஒரு எழுத்து மாறவில்லை. கீழே அந்தப் பையனின் கையெழுத்து, பக்கத்தில் கணவருக்காக என்று போட்டு மனைவியின் கையெழுத்து.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது. மனைவியைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? தெருவே அவருக்காக ஓடிவந்திருக்கிறது, தூக்கியிருக்கிறது, தண்ணீர் கொடுத்திருக்கிறது, முடித்து வைத்திருக்கிறது. மருந்து மயக்கத்தில் கண் சொருகியது. சரி, போகட்டும், தூங்கினால் போதும் என்று இருந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. கையெழுத்துப் போட்டவர்கள் ஒருத்தரும் அவருடைய பேச்சின் நியாயத்துக்காகப் போடவில்லை. வலியில், அலுப்பில், தொலைந்தால் சரி என்றுதான் போட்டிருக்கிறார்கள். தபால்காரர் மனைவியும் அப்படித்தான். இத்தனை வருடம் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்தாள். “உங்களச் சேத்தப்ப டூட்டியில இருந்தவங்க எழுதாம விட்டுட்டாங்க. எப்படி அடிபட்டுச்சு?”

“வீட்டு மாடிப்படியில வழுக்கி...” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“இல்லம்மா,” என்றார் ஜட்ஜ். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார். “பைக் இடிச்சுது. பாலத்துச் சரிவு முச்சந்தி. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். போலீசுக்குச் சொல்லிருங்க.”

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெல்ல எடுத்துக்கொண்டாள். “அவன் வெளியிலதான் நிக்கிறான்” என்று மட்டும் சொன்னாள். பிறகு வீட்டுக்கு வரும்வரை மாத்திரை நேரத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

பதினான்காம் நாள், கால் நீட்டி உட்கார ஒரு ஸ்டூலும் ஊன்றுகோலுமாகக் கடைக்கு வந்தார். அதற்குள் அந்தப் பார்சல் பையனின் வண்டியை ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள், கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிட்டது. டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழக்கமாகக் காற்றடிக்கிற ஆட்டோக்காரர்கள் மூன்று தெரு தள்ளிப் போய் அடித்தார்கள். ஊருக்கெல்லாம் வேணாம்னு சொன்ன மனுஷன் தனக்குன்னு வந்ததும் ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு பாத்தியா என்று அவர் காதில் விழும்படியே பேசினார்கள். ஜட்ஜ் என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

ஆறாம் நம்பர் அம்மாளுக்குப் போன் போட்டார். “நம்பர் வந்துருச்சு ஐயா, எழுதிட்டேன். இருபது. இன்னும் முப்பது வேணும்” என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்க காலு எப்படி இருக்கு?” என்று கேட்டார். இந்த மூன்று வாரத்தில் விண்ணப்பத்தைத் தாண்டி அந்த அம்மாள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அஞ்சு மணியோடு விண்ணப்பக் கெடு முடிகிறது. வேலை எதுவும் வரவில்லை. ஜட்ஜ் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தபால்காரர் மனைவி குடையை ஊன்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். எட்டு வருடமாக அந்தப் பக்கமே வராதவர், சுற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போகிறவர். வந்து லாரி டயரில் உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியில மாத்திச் சொல்லிட்டீங்களாமே.”

“ஆமாக்கா.”

“ஊரே உங்களத் திட்டுது.”

“ம்.”

“நேத்து எம்பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அப்பா பாத்ரூம்ல விழலன்னு.” அக்கா குடையின் பொத்தானைப் போட்டு எடுத்தார். “ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் வெச்சுட்டா.”

ஜட்ஜ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“எழுதுங்க. நாளைக்கு ஸ்டேஷன்ல குடுக்கணும். ஆட்டோவுல கூட்டிட்டுப் போங்க, என்னால நடக்க முடியாது.”

அவர் பில் புத்தகத்தை எடுத்தார். தாளைத் திருப்பி, தேதி போட்டு, பேனாவை வைத்ததும் கை தன் பாட்டுக்கு ஓடியது. மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் எங்களுக்குள் எந்த, என்று எழுதிவிட்டு நின்றது. அவர் காது சூடாகிவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்தார். “அந்தப் புஸ்தகம் வேணாம் தம்பி. வேற பேப்பர்ல எழுதுங்க.”

விண்ணப்பத்தோடு கொடுத்திருந்த வெள்ளைத் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. மசி படாமல் இருக்க விரல் நுனியால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்கக்கா.”

“சாயங்காலம் ஆறரை மணி. கையில மாத்திரைச் சீட்டு வெச்சிருந்தாரு. நீலக் கட்டம் போட்ட சட்ட.” அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். “இடம், இந்தக் கடை வாசல்.”

அவர் எழுதினார்.